விரல் குத்தும் ஊசியும் கைப்பொத்தானும்

“அங்கிள், உங்க ஊசியெல்லாம் இனிமே மியூசியத்துலதான் லா” என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னான் ஒரு விற்பனைப் பையன். சிரித்துக்கொண்டு சொன்னான். அதுதான் இன்னும் எரிகிறது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் நடந்தது இது. மூன்றாம் மாடி. அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. எழுபத்தொரு வயதில் ஒரே மூச்சில் ஏறிப் போனேன். என்னோடு வந்த என் தொழிற்சாலைப் பொறியாளர், முப்பத்தைந்து வயதுக்காரர், இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மியூசியத்தில் வைக்க வேண்டிய ஆள் யார் என்று படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் சரக்கு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர்கள் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, பட்டையில் தொட்டு, மீட்டரில் சீனி பார்க்கிறார்களே, அந்த விரலைக் குத்துகிற பேனாவும் அதன் ஊசியும் நான் செய்வது. மீட்டரும் பட்டையும் வெளிநாட்டுச் சரக்கு. குத்துவது என் சரக்கு. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் என் ஊசி படாத தமிழன் விரல் குறைவு. சீனர், மலாய்க்காரர் விரலும் அப்படித்தான்.

நான் படித்தவனில்லை. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. பதினைந்து வயதில் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரை கூட்டப் போனேன். வாளி, துணி கிளிப், சோப்புப் பெட்டி செய்கிற இடம். அச்சு எப்படி வெட்டுகிறார்கள், பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் இளகுகிறது, எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். பார்த்ததை விடவில்லை. முப்பத்திரண்டு வயதில் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, அதே ஸ்ரீ கெம்பாங்கானில், அதே சாலையில், தவுக்கேயின் வாசலுக்கு எதிர் வரிசையில் என் பெயர்ப் பலகையை மாட்டினேன். எதிர் வரிசைதான் வேண்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து பிடித்த இடம் அது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் குத்துப் பேனா சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். நான் என் பத்து விரலிலும் குத்திப் பார்த்து, ஸ்பிரிங்கை மாற்றி மாற்றி, எறும்பு கடித்த அளவுக்கு வலியைக் குறைத்தேன். டாக்டர்கள் கேட்டார்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் சோதித்தீர்கள் என்று. விரலைக் காட்டினேன்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். பேனாவின் வாயில் மூன்று சிறு வெட்டு வைத்தேன். ஊசியின் கழுத்திலும் அதற்கேற்ற மூன்று வெட்டு. வேறு எவன் ஊசியும் என் பேனாவில் உட்காராது. பேனாவை இலவசமாகக் கொடுத்துவிடுவேன். ஊசிக்கு என்னிடம்தான் வர வேண்டும். இதற்குப் படித்தவர்கள் ஏதோ நீளமான பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் வேலி என்று சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலிக்குள் எந்த மாடும் நுழையவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்டரம்மா என்னுடைய பழைய வாடிக்கை. கிள்ளான் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டில் அவர் முதல் கிளினிக் திறந்தபோது, முதல் நாளே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நின்றவன் நான். இன்றைக்கு அவருக்குக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை கிளைகள். என் தொழிற்சாலையில் பாதி ஊசிக்கு மேல் அவர் குழுமத்துக்குத்தான் போகிறது. அந்த ஊசிக்காகவே இரண்டாம் வரிசை என்று தனியாக ஒரு வரிசை ஓடுகிறது. அதில் பதினாலு பெண்கள். பெரும்பாலும் கம்போங் மேடான் பக்கத்துப் பெண்கள்; கம்பெனி வேனில் வந்து போகிறவர்கள். அவர் ஊசியை விட்டுப் பொத்தானுக்கு மாறினால் அந்த வரிசையின் விளக்கை அணைக்க வேண்டியதுதான். அன்றைக்கு நான் மூன்று மாடி ஏறியது அதற்காக.

பொத்தான் என்பது நான் வைத்த பெயர். அவர்கள் சென்சார் என்கிறார்கள். சட்டைப் பொத்தானைவிடப் பெரிய வெள்ளை வட்டு. மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அடியில் மயிர்போல ஒரு கம்பி தோலுக்குள் போய் உட்காரும். இரத்தத்தைத் தொடாது, தோலுக்கடியில் ஊறுகிற நீரில் சீனி பார்த்துக் கைத்தொலைபேசிக்கு எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். சீனி ரொம்ப இறங்கினால் கத்தும். இரண்டு வாரம் ஆனதும் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று.

அதை விற்க வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை தொங்கியது. அவன் கையிலேயே ஒன்று ஒட்டியிருந்தான், நோயே இல்லாமல்!

“இதுல வலியே இல்ல அங்கிள். ஒரு நாளைக்கு நாலு தடவ குத்திக்கிறவங்களுக்கு இது சொர்க்கம்.”

“சொர்க்கத்துக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா டிக்கெட் எடுக்கணுமா தம்பி?” என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவன் சளைக்கவில்லை. “மொத பீஸ் ஃப்ரீ அங்கிள். போட்டுப் பாத்தவங்க திரும்ப ஊசிக்குப் போகவே மாட்டாங்க.”

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. முதல் சாமான் இலவசம், அப்புறம் காலமெல்லாம் என்னிடமே வா. இது யார் வித்தை? என் வித்தையை எடுத்து, வெள்ளைச் சாயம் பூசி, எனக்கு எதிரிலேயே வைத்து, புதுக் கண்டுபிடிப்பு என்கிறான்.

நான் வெறுங்கையோடு போகவில்லை. அவர்கள் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பொறியாளரை விட்டு முன்னாடியே வரிவரியாகப் படிக்கச் சொல்லியிருந்தேன். அதை எடுத்து மேசைமேல் போட்டேன். “உடம்பு ஒண்ணு சொல்லி, பொத்தான் வேற சொன்னா, விரல்ல குத்திப் பாத்து உறுதி பண்ணிக்கன்னு இதுல போட்டிருக்கு டாக்டர். இவங்க தாளே என் ஊசியக் கூப்பிடுது!”

“அது சும்மா லீகலுக்காகப் போடுறது அங்கிள்” என்றான். பிறகுதான் அந்த மியூசியம் பேச்சு.

டாக்டரம்மா கையைத் தூக்கினார். “சண்ட வேணாம் அங்கிள். இன்சுலின் போடுற கொஞ்சம் பேருக்கு ஒட்டியிருக்கேன். ஒரு மாசம் டிரையல். அப்புறம் முடிவு சொல்றேன்.”

பேசாமல் வந்திருக்கலாம். எனக்கு அது வராது. “கிருத்திகைக்குக் கிள்ளான் கோவிலுக்கு வாங்க. இந்தத் தம்பியையும் வரச் சொல்லுங்க. பொத்தானும் ஊசியும் பக்கத்துப் பக்கத்துல. எது நிஜம் சொல்லுதுன்னு ஊரே பாக்கட்டும்” என்றேன்.

காரில் பொறியாளர் முனகிக்கொண்டே வந்தார். சேலத்துக்காரர், வேலை அனுமதியில் வந்து ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறார். நல்ல மூளை. பயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

“சவால் விட்டிருக்க வேணாம் சார். ரெண்டும் ஒரே நம்பர் காட்டாது. தோலுக்கடியில இருக்கிற தண்ணி ரத்தத்துக்குக் கொஞ்சம் பின்னாடிதான் வரும்.”

“பின்னாடி வர்றவன் எப்படிய்யா முன்னாடி போயிருவான்?”

“அதில்ல சார்...”

“அதேதான்யா” என்றேன்.

கிள்ளானில் அந்த முருகன் கோவில் சின்னக் கோவில்தான். பெயர் வேண்டாம். அதன் தரைக்கு ஓடு பதித்தது நான். ஒவ்வொரு கிருத்திகைக்கும் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு இலவசமாகச் சீனி பார்த்து ஆளுக்கொரு பேனா கொடுத்து அனுப்புவேன். பூசாரியே சொல்லுவார், சாமியைப் பார்க்க வருகிற கூட்டத்தைவிட உங்கள் மேசைக்குக் கூட்டம் அதிகம் என்று. அவர் கிண்டலாகத்தான் சொன்னார். உண்மையும் அதுதான்.

அந்தக் கிருத்திகையன்று பொத்தான்காரன் நேரத்தோடு வந்துவிட்டான். டாக்டரம்மா வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டார். வரட்டும் என்று காத்திருந்தோம். மண்டபத்தின் ஓரத்தில் பஞ்சாமிர்தம் தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பிசைகிறவர் ஒரு முன்னாள் லோரி ஓட்டுநர். துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப்போய் ஓய்வு பெற்றவர். பஞ்சாமிர்தத்துக்குக் கரண்டி ஆகாது, கைதான் ஆகும் என்று பிடிவாதம் பிடிப்பவர். ஒரு பெரிய அண்டா வாழைப்பழத்தை, தேன், பேரீச்சை, வெல்லத்தோடு முழங்கை வரை கையை விட்டுப் பிசைவார். அபிஷேகம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

வேலை முடிந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வட்டு.

“மன்னிச்சிக்குங்க அண்ணே. டாக்டர் ஒட்டிட்டாங்க” என்றார், என் வீட்டில் திருடிவிட்டதுபோல.

“மன்னிப்பு என்னாத்துக்கு?” என்று அந்த அம்மாள் குறுக்கே வந்தார். “இவரு விரலப் பாருங்க அண்ணே, சல்லட மாதிரி. எல்லாம் உங்க ஊசி.”

கூட்டம் சிரித்தது. “சல்லடன்னா நல்லா சலிச்சிருக்குன்னு அர்த்தம்மா” என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, “அப்ப ரெண்டையும் பாத்துருவோம் அங்கிள், எது கெட்டி?” என்று குரல் கொடுத்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதானே.

அவர் விரலை நானே பிடித்தேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், குத்தினேன், பட்டையில் தொட்டேன். மீட்டரில் பத்தொன்பது புள்ளி இரண்டு. அவருடைய கைத்தொலைபேசியில் ஏழு புள்ளி நாலு.

எங்கள் ஊர் மீட்டர்க் கணக்கில் பத்தொன்பது என்றால் தலைக்குமேல் வெள்ளம். ஏழு என்றால் அவருக்கு நல்ல நாள், நாலுக்குக் கீழே போனால்தான் ஆபத்து. இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்பதில் எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. மீட்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

“பாத்தீங்களா! பத்தொம்பத ஏழுங்குது! இதத்தான் நம்ப ஆளுங்க ஒடம்புல ஒட்டுறாங்க!”

பொத்தான்காரன் முகம் செத்துப்போனது. “அங்கிள், இன்னொரு தடவ பாப்போம் அங்கிள். வேற விரல்ல.”

“உன் சாமான் தோத்தா இன்னொரு தடவையா? ஜெயிச்சிருந்தா கேட்டிருப்பியா?”

அவன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு தன் அலுவலகத்தோடு பேசுவதற்காக வாசல் பக்கம் போனான். அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆள் சொன்னதில் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான், அதையும் நான் கேட்கவில்லை.

லோரிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “பத்தொம்பதா? காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்புடலையே அண்ணே.”

“கவல இருந்தாலும் ஏறும் தம்பி. இன்சுலின் வச்சிருக்கீங்களா?”

“பையில இருக்கு.”

“அப்புறம் என்னா யோசன? போடுங்க.”

பொறியாளர் என் முழங்கையைத் தொட்டார். “சார், டாக்டர் வந்துரட்டும் சார்.” நான் கையை உதறினேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் என்ன டாக்டர்? லோரிக்காரர் சட்டையை விலக்கி வயிற்றில் போட்டுக்கொண்டார். என் பேச்சை நம்பி.

அபிஷேகம் முடிந்து, தீபாராதனை முடிந்து, அன்னதானத்துக்கு வரிசை நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ லோரி பின்னுக்கு வரும்போது அடிக்கிற மணிபோல விட்டு விட்டு ஒரு சத்தம். அந்த அம்மாளின் கைப்பையிலிருந்து வந்தது. கணவரின் கைத்தொலைபேசியை அவர்தான் வைத்திருந்தார்.

“அண்ணே! இங்க வாங்க! மூணுங்குது, மூணு!”

லோரிக்காரர் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, “என் லோரிய எவன் எடுத்தான்?” என்றார். லோரியை விட்டு நாலு வருடம் ஆகிறது.

டாக்டரம்மா அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்று காலில் இருக்க ஓடிவந்தார். லோரிக்காரரைத் தரையில் உட்கார வைத்து, “சீனி குடுங்க, எதாச்சும் இனிப்பா, சீக்கிரம்!” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தது பஞ்சாமிர்தம்தான். அந்த அம்மாள் கிண்ணத்தில் அள்ளி எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

“இத்தன வருசமா இதத் தொடாதீங்க, நாக்குல வைக்காதீங்கன்னு சொன்னீங்களே டாக்டர். இப்பக் குடுக்கலாமா கூடாதா, ஒண்ணு முடிவா சொல்லுங்க!”

“குடுங்கம்மா, குடுங்க, நெறய குடுங்க!”

அவர் விழுங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு நிறம் வந்தது. அதற்குள் டாக்டரம்மா அவர் வலது கையைப் பிடித்து, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். இடது கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, என் ஊசியாலேயே குத்தினார். இரண்டு புள்ளி ஒன்பது. கைத்தொலைபேசியில் மூன்று புள்ளி ஒன்று.

“கை கழுவினாரா அங்கிள், மொத தடவ பாக்கிறப்ப?”

“ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன்.”

“ஸ்பிரிட் கிருமியக் கொல்லும். தேனக் கழுவாது. நீங்க பாத்தது அவரு ரத்தத்துல இருந்த சீனி இல்ல, விரல்ல இருந்த பஞ்சாமிர்தம்.”

இது எனக்குத் தெரியாத விஷயமா? என் பெட்டியிலேயே கை கழுவுகிற படம் போட்டிருக்கிறேன். முப்பது வருடம் ஊசி செய்தவன், அன்றைக்குக் கூட்டம் பார்க்கிறது என்று அதை மறந்தேன். எனக்கு என்மேல் வந்த கோபம் அதற்கு முன் எவன்மேலும் வந்ததில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: என் ஊசி பொய் சொல்லவில்லை. ஊசியின் வேலை குத்துவது. அது ஒழுங்காகத்தான் குத்தியது.

மறுநாள் அந்தப் பொத்தான் கம்பெனி ஒரு படத்தைப் போட்டு ஊரெல்லாம் அனுப்பிவிட்டது. கோவில் தூண், ஒரு கை, அதில் வெள்ளை வட்டு. பக்தர் உயிரைக் காத்தது எங்கள் சென்சார்! எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அந்த மனிதருக்குப் பொத்தான் வந்து காக்கிற அளவுக்கு ஆபத்து எப்படி வந்தது என்று அதில் இல்லை. நாளைக்கு அவர் இரண்டாவது பொத்தானுக்கு எங்கே போவார் என்றும் இல்லை. நான் வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் தேநீர் கொடுத்துவிட்டு, “நல்ல சாமான்தான் அண்ணே. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு எங்களால வாங்க முடியுமா?” என்றார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதம் முடிந்து மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸ். லிஃப்ட் ஓடியது, நான் படியில்தான் ஏறினேன். பொறியாளர் லிஃப்டில் வந்து எனக்காகக் காத்திருந்தார். பொத்தான்காரனும் உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா ஒரு கோப்பைத் திறந்தார். “அந்த லோரிக்காரர்கிட்ட பேசினேன் அங்கிள். ஏன் அவ்ளோ இன்சுலின் போட்டீங்கன்னு கேட்டா, நம்பரப் பாத்துப் பயந்து நானாப் போட்டுக்கிட்டேன்னு சொல்றாரு. வீட்டுக்காரம்மாவும் அதையேதான் சொல்றாங்க.”

அவர் கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“அப்படின்னா இது பேஷண்டுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டிய விஷயம். கை கழுவுங்க, ஒரு நம்பர மட்டும் நம்பாதீங்க, சந்தேகம்னா போன் பண்ணுங்கன்னு எல்லாக் கிளினிக்லயும் சொல்லிட்டா போதும். ஊசிய நிறுத்துற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டையும் வச்சிக்கலாம்னு பாக்கிறேன்.”

பொத்தான்காரன் நெளிந்தான். போடச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது, அந்த நேரத்தில் அவன் வாசலில் பேசிக்கொண்டிருந்தான். பொறியாளருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டியும் பிள்ளையும் சேலத்தில் இருக்கிறார்கள். இரண்டாம் வரிசை ஓடினால்தான் அவருக்கும் அடுத்த வருடம் அனுமதி.

வாயைத் திறக்காமல் இருந்தால் வரிசை தப்பித்தது. லோரிக்காரர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். கோவிலுக்குத் தரை போட்டவன் என்ற மரியாதைக்கு. அவரே தன் தலையில் போட்டுக்கொண்டதை நான் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. என்னைத் தெரிந்தவர்கள் அதற்காகத்தான் என்னைக் கேலி செய்வார்கள். எதற்கும் நான், நான் என்பேன். அச்சை வெட்டியது நான். வேலி போட்டது நான். தரை பதித்தது நான். இத்தனை நான் சொன்ன வாய், இந்த ஒன்றுக்கு மட்டும் அவராகப் போட்டுக்கொண்டார் என்று சொல்லுமா? நல்லதுக்கு மட்டும் நான் என்று சொல்பவன் முதலாளியே இல்லை.

“அவரு பொய் சொல்றாரு டாக்டர்” என்றேன். “போடச் சொன்னது நான். டாக்டர் வரட்டும்னு என் ஆளே தடுத்தாரு, அதையும் மீறி நான்தான் போடச் சொன்னேன்.”

 பொறியாளர் மேசையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “முப்பது வருசமா இதே தொழில்ல இருக்கீங்க. கை கழுவணும்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கே அந்த நேரத்துல தோணலன்னா, வீட்டுல தனியா இருக்கிற பேஷண்டுக்கு எப்படி அங்கிள் தோணும்? தப்பான நம்பரக் காட்டினா ஊசி கத்தாது. சீனி இறங்கினதும் சென்சார் கத்துச்சு.”

 அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“இன்சுலின் போடுறவங்கள சென்சாருக்கு மாத்திடுறேன். மாத்திர சாப்பிடுறவங்களுக்கு உங்க ஊசி. இன்னும் மூணு மாசத்துக்குப் பழைய ஆர்டர் அப்படியே ஓடட்டும்.”

நாளுக்கு நாலு தடவை குத்துகிறவர்கள் இன்சுலின்காரர்கள். மாத்திரைக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை குத்தினால் அதிகம். அந்த ஒரு வாக்கியத்தில் என் இரண்டாம் வரிசை போய்விட்டது.

“பொத்தான் வாங்க வசதியில்லாத இன்சுலின்காரன் என்னா செய்வான் டாக்டர்? அந்த லோரிக்காரரே என்னா செய்வாரு?”

அவர் கோப்பை மூடினார். “அவங்களுக்கு உங்க ஊசிதான் அங்கிள்” என்றார், மெதுவாக.

அப்போதுதான் நான் மேசையில் தட்டினேன். தட்டியதற்கு இன்றும் வருத்தமில்லை. “அப்ப அதத்தான கேக்குறேன்! காசுள்ளவனுக்குக் கத்துற பொத்தான், இல்லாதவனுக்குக் கத்தாத ஊசியா? இவன் என்னை மியூசியத்துல வைக்கிறேன்னான். மியூசியத்துல இல்ல, ஏழை வீட்டுலதான் வைக்கிறான்! மொதல் பீஸ் ஃப்ரீயாக் குடுக்கத் தெரிஞ்சவனுக்கு அந்த லோரிக்காரருக்கு ரெண்டாவது பீஸ் குடுக்கத் தெரியாதா?”

பொத்தான்காரன், “நான் ஆபீஸ்ல கேட்டுப் பாக்கிறேன் அங்கிள்” என்றான். இரண்டு மாதம் ஆகிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்றைக்கு நேராக ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனேன். கெட்ட செய்தியை மேலாளர் மூலம் சொல்லி அனுப்புகிற முதலாளி நானில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டாம் வரிசையை நிறுத்தச் சொல்லி, பதினாலு பேர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னேன். கோவிலில் செய்ததையும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு வேலை உண்டு, அதற்குள் முதல் வரிசையில் எத்தனை பேரைச் சேர்க்க முடியுமோ சேர்க்கிறேன், எல்லாரையும் முடியாது என்றேன்.

யாராவது அழுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை. வரிசையில் மூத்தவள் ஒருத்தி, பதினெட்டு வருடமாக என் ஊசியைத் தட்டில் அடுக்குகிறவள், தலைக்குப் போட்டிருந்த வலையைச் சரி செய்துகொண்டே கேட்டாள்.

“மூணு மாசம்னா தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா போஸ்?”

நான் விரல்விட்டு எண்ணினேன். முன்னாடி. இரண்டு வாரம் முன்னாடி.

“முன்னாடிதான்” என்றேன்.

“அப்ப போனஸ்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். மூத்தவள் அவளை இடித்தாள். “வாய மூடுடி. அவரே வெந்து போயிருக்காரு.”

என் அறைக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அச்சு வாங்கினாலும் இயந்திரம் வாங்கினாலும் தவணை கேட்காதவன் நான். அன்றைக்குக் கேட்டேன். இன்னும் ஒரு மாதம் பழைய ஆர்டரை ஓட்டுங்கள், விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். விலையைக் குறைக்க வேண்டாம் என்றார். தீபாவளி முடிந்த மாதக் கடைசி வரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

திரும்பிப் போனேன். அவர்கள் இன்னும் சாப்பிடப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார்கள்.

“பின்னாடி” என்றேன்.

“சரி போஸ்” என்றாள் மூத்தவள். எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது: “அந்த லோரிக்காரரு இப்ப எப்படி இருக்காராம்?”

நன்றாக இருக்கிறார். போன கிருத்திகைக்கும் அவர்தான் பிசைந்தார். பொத்தான் காலாவதியாகி, கையில் ஒட்டிய இடம் வட்டமாக வெளுத்திருந்தது. மேசைக்கு வந்து விரலை நீட்டினார். குழாயடிக்கு நானே கூட்டிப்போய், சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று கத்தினார்கள். கத்தட்டும் என்றேன்.